காயம் ஆறிய கோழியை மற்ற கோழிகள் விரட்டி விரட்டிக் கொத்துகின்றன. எப்படித் திரும்பச் சேர்ப்பது?

முருங்கைக்காடு கேட்டது:

வணக்கம். ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். சிறுவிடைக் கோழி ஒன்பது, சேவல் ஒன்று. போன மாதம் எங்கள் புள்ளிக்கோழியை நாய் கவ்விவிட்டது. கத்தல் கேட்டு ஓடிப்போய் விடுவித்தேன். முதுகில் வால் பக்கமாகத் தோல் கிழிந்து சதை தெரிந்தது.

உப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றியிருந்த இறகைக் கத்தரித்து, பெட்டாடினை வெளிர் டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து காலையும் மாலையும் ஊற்றினோம். கால்நடை மருந்தகத்தில் மூன்று நாள் ஊசி போட்டார்கள். சமையல்கட்டுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியில் வைத்து, ஈ உட்காராதபடி பழைய கொசுவலையால் மூடினோம். இரண்டு நாள் ஒன்றும் தின்னவில்லை, எச்சம் பச்சையாகப் போனது. மூன்றாம் நாள் அவித்த முட்டையை உதிர்த்து என் மகள் உள்ளங்கையில் நீட்டினாள். அப்போதுதான் கொத்தியது. 18 நாளில் காயம் மூடிவிட்டது.

நேற்றுக் காலை மற்றவற்றோடு திறந்துவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே அடையில் பொரித்து, கூடவே வளர்ந்த செவலைக்கோழிதான் முதலில் பாய்ந்தது. பிறகு எல்லாம் சேர்ந்துகொண்டன. கொண்டையில் ரத்தம். திரும்பப் பெட்டிக்கே கொண்டுவந்துவிட்டேன்.

இனி சேராது, குழம்பு வைத்துவிடலாம் என்கிறார் மாமனார். எனக்கு மனசு வரவில்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

தாராபுரத்தான்:

இருட்டிய பிறகு கூட்டுக்குள் மற்றவற்றின் நடுவில் வைத்துவிடுங்கள் அக்கா. கோழிக்கு இருட்டில் சரியாகக் கண் தெரியாது, சண்டை வராது. விடிந்ததும் ஒன்றாக எழுந்து போய்விடும்.

கரிசல்காட்டுக்காரி:

தம்பி சொல்வதை மட்டும் நம்பிச் செய்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் வைத்தேன். விடிந்து நான் கூட்டைத் திறப்பதற்குள் மூலையில் ஒதுக்கிக் கொத்தி, ஒரு கண் போய்விட்டது. ராத்திரி சேர்ப்பது கடைசியில் செய்ய வேண்டியது.

கோழிகளுக்குள் யார் முந்தி, யார் பிந்தி என்று ஒரு வரிசை உண்டு. ஒன்று இரண்டு வாரம் கண்ணில் படாமல் போனால் அதன் இடம் போய்விடும். திரும்பி வருவது உடன்பிறந்ததாக இருந்தாலும் அவற்றுக்கு அது புதுக்கோழிதான். செவலை மேல் கோபப்படாதீர்கள்.

வீட்டில் பஞ்சாரம், அதுதான் கோழியைக் கவிழ்த்து மூடுகிற மூங்கில் கூடை, இருக்கிறதா? குஞ்சுகளைக் கவிழ்த்து மூடுவதோடு அதன் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். இதற்கும் அதைவிட நல்ல சாமான் கிடையாது. மற்ற கோழிகள் மேய்கிற இடத்திலேயே, நிழலில், புள்ளியைப் பஞ்சாரத்துக்குள் விடுங்கள். உள்ளே தண்ணீர்ச் சட்டி. சாயாதபடி மேலே ஒரு கல். கம்பையும் குருணையையும் பஞ்சாரத்தின் விளிம்பை ஒட்டி உள்ளேயும் வெளியேயும் தூவுங்கள். ஒரே இரையை மூங்கில் சிம்புக்கு இரண்டு பக்கமும் நின்று தின்னட்டும். ஒரு வாரம் பகல் முழுக்க இப்படி, ராத்திரி மட்டும் பெட்டிக்குள். முதலிலிருந்தே அடுக்களைக்குப் பதில் அவற்றின் கண்முன்னால் வைத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்:

அம்மா, சேர்ப்பதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். காயத்தின் மேல் பொருக்கு இருந்தால் இன்னும் ஆறவில்லை. சிவப்பு தெரிந்தாலே மற்றவை கொத்தும். புதிதாக முளைக்கிற இறகுக் குருத்திலும் ரத்தம் ஓடும், அதில் ஒரு கொத்து விழுந்தால் நன்றாகவே கசியும். நெஞ்செலும்பைத் தடவுங்கள். கத்தி முனை போல் தட்டுப்பட்டால் உடம்பு இன்னும் தேறவில்லை, நோஞ்சானைத்தான் எல்லாம் குறிவைக்கும். முட்டையும் முருங்கைக்கீரையும் ஊறவைத்த கம்பும் கொடுங்கள்.

சேவலை மறந்துவிடாதீர்கள். அது ஏறி மிதிக்கும்போது நகம் பதிகிற இடமும் அந்த முதுகுதான். புதுத்தோல் தாங்காது. இறகு மூடும்வரை சேவல் தனியாக இருக்கட்டும்.

மாமனாரிடமும் சொல்லுங்கள். ஊசி போட்ட கோழியின் முட்டையையோ கறியையோ எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, விடுவிக்கும்போது நாயின் பல்லோ நகமோ உங்கள் கையில் கீறியிருந்தால், நாளாகிவிட்டது என்று விட்டுவிடாமல் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

முருங்கைக்காடு:

கையில் கீறல் இல்லை ஐயா. நெஞ்செலும்பு கூராகத்தான் இருந்தது, அதனால் நான்கு நாள் தேற்றிவிட்டுப் பஞ்சாரத்தில் விட்டேன். இன்று மூன்றாம் நாள். மற்றவை இப்போது கண்டுகொள்வதில்லை. செவலை மட்டும் சுற்றிச் சுற்றி வந்து இடுக்கு வழியாகக் கொத்தப் பார்க்கிறது.

கரிசல்காட்டுக்காரி:

அப்படியானால் செவலையைப் பிடித்து வேறு இடத்தில், மற்றவற்றின் கண்ணுக்கு மறைவாக அடையுங்கள். நான்கு நாள் போதும். அது திரும்பும்போது அதுதான் புதுசு, வீறாப்பு குறைந்திருக்கும். புள்ளியைச் சாயங்காலம், அடைய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள். இரையைக் களம் முழுக்கச் சிதற விடுங்கள், தண்ணீரும் இரண்டு இடத்தில் இருக்கட்டும். சுவரில் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அடைபட்டிருந்தால் மாட்டிக்கொண்டு கொத்து வாங்கும். ஒன்றிரண்டு கொத்துக்குக் குறுக்கே போகாதீர்கள். ரத்தம் வந்தால் மட்டும் தூக்குங்கள்.

முருங்கைக்காடு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். செவலையை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிய இரண்டாம் நாள் சாயங்காலம் புள்ளியைத் திறந்தேன். கறுப்புக்கோழி இரண்டு முறை கொத்தியது, இது பலகைக்குப் பின்னால் ஓடி மறுபக்கம் வெளியே வந்து மேய ஆரம்பித்துவிட்டது. மூன்று சாயங்காலம் அப்படி விட்டபின், நான்காம் நாள் தாராபுரத்துத் தம்பி சொன்னபடி இருட்டில் கூட்டுக்குள் வைத்தேன். விடியுமுன் நானும் மகளும் டார்ச்சோடு போய் நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை.

செவலை வந்து மூன்று நாளாகிறது. பார்த்தால் கழுத்தைச் சிலிர்க்கிறது, புள்ளி ஒதுங்கிப் போகிறது, அவ்வளவுதான். முன்பு கூட்டுக்குள் உட்காருகிற கம்பின் நடுவில் அடையும், இப்போது ஓரத்தில். சேவல் இன்னும் தனியாகத்தான் இருக்கிறது. முதுகில் குருத்து முளைத்திருக்கிறது ஐயா, மூடியதும் விடுகிறேன்.

தாராபுரத்தான்:

பஞ்சார விஷயம் எனக்கும் புதிது அக்கா. எங்கள் வீட்டில் கால் ஒடிந்து தேறிய வெடைக்கோழி ஒன்று பெட்டியில் இருக்கிறது. நாளைக்கே களத்துக்குக் கொண்டுபோகிறேன்.