டினாமினேஷனுக்குச் ‘சபைப்பிரிவு’ வேண்டாமே

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் கிறிஸ்தவக் கலைச்சொல் பட்டியலில், லுத்தரன், மெதடிஸ்ட் என்பதுபோன்ற திருச்சபை வகைகளைக் குறிக்கும் டினாமினேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் ‘சபைப்பிரிவு’ என்று போட்டுப் பட்டியலை முடித்துவிடலாம் என்று நேற்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். முடிக்கும் முன் என் மறுப்பையும் கேளுங்கள்.

அந்தச் சொல்லின் வேரில் பிரிவே கிடையாது. லத்தீனில் நோமென் என்றால் பெயர். ஒரு பெயரின்கீழ் நிற்பவர்கள் என்பதுதான் கருத்து. ‘பிரிவு’ என்று எழுதிவிட்டால் ஏதோ ஒன்றிலிருந்து உடைந்து வந்தவர்கள் என்று ஆகிவிடுகிறது. நம் ஊரிலேயே இதற்கு நேர்மாறான சான்று இருக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்ட்களும் தென்னிந்திய ஐக்கிய சபையும் சேர்ந்தார்கள். அந்த ஐக்கிய சபையே 1908இல் பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் கூடி அமைத்ததுதான். பெயரைப் பாருங்கள்: தென்னிந்தியத் திருச்சபை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் போன்ற பழைய மரபுப் பெயர் எதுவும் அதில் இல்லை, நிலத்தின் பெயர் மட்டும் இருக்கிறது. கூடிப் பிறந்த ஒன்றைப் ‘பிரிவு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொரு சிக்கல், ஆங்கிலச் சொல்லே இரண்டு வேலை செய்கிறது. லுத்தரன் என்பதும் டினாமினேஷன், டி.இ.எல்.சி., அதாவது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்பதும் டினாமினேஷன். தமிழ்நாட்டில் மட்டும் மூன்று லுத்தரன் திருச்சபைகள் இருக்கின்றன. தரங்கம்பாடியில் 1706இல் தொடங்கிய பணியின் வழிவந்து 1919இல் தனித் திருச்சபையானது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. அமெரிக்க மிசௌரி மிஷன் வழியாக வந்தது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. டேனிஷ் மிஷன் வழியாக வந்தது ஆற்காடு லுத்தரன் திருச்சபை. மரபு ஒன்று, அமைப்பு மூன்று. ஒன்றை மொழியால் அடையாளம் காண்கிறோம், ஒன்றை நாட்டால், ஒன்றை ஊரால். இந்த வேறுபாட்டைத் தமிழில் காட்ட முடிகிறபோது, ஆங்கிலத்தின் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்க வேண்டும்?

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்ற பெயரை இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்த பெயர் அது. ‘சுவிசேஷ’ என்பது ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் பக்கம் நின்றவர்கள் தங்களுக்குத் தாங்களே விரும்பி வைத்துக்கொண்டது. ‘லுத்தரன்’ என்பது எதிரிகள் வைத்தது. என் பெயரால் உங்களை அழைத்துக்கொள்ளாதீர்கள், கிறிஸ்தவர்கள் என்றே சொல்லுங்கள் என்று லுத்தரே 1522இல் எழுதினார். கடைசியில் இரண்டும் ஒரே பெயர்ப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டன.

இதனால்தான் மெதடிஸ்ட்டுக்கு ‘ஒழுங்குமுறைச் சபை’ என்ற பரிந்துரையையும் நான் ஏற்கவில்லை. ஆக்ஸ்போர்டில், பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி சகோதரர்களும் நண்பர்களும் செபம், படிப்பு, உபவாசம் எல்லாவற்றையும் நேரம் வகுத்துச் செய்ததைப் பார்த்து மற்றவர்கள் கேலியாகச் சொன்ன சொல் அது. குவேக்கர் என்ற இன்னொரு கிறிஸ்தவக் குழுவின் பெயருக்கு நடுங்குகிறவர் என்று பொருள், அதுவும் ஏளனம்தான். மொழிபெயர்த்தால் ஏளனம் போய்விடும், அதைச் சுமந்து நின்றவர்களின் கதையும் போய்விடும். இவற்றைப் பெயராகவே விட்டுவிடுவோம்.

புரொட்டஸ்டன்ட்டுக்கு ‘எதிர்ப்புச் சபை’ என்பதும் பாதிதான் சரி. 1529இல் ஜெர்மனியின் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில் ஆறு சிற்றரசர்களும் பதினான்கு நகரங்களும் கொடுத்த எதிர்ப்பு அறிக்கையிலிருந்து வந்த பெயர் இது. அந்த லத்தீன் வினைக்கு எல்லோர் முன்னிலையிலும் சான்று பகர்தல் என்ற பொருளும் உண்டு. ‘சீர்திருத்தச் சபை’ என்று புழங்குகிறோமே என்றால், கால்வின் என்ற மற்றொரு சீர்திருத்தவாதியின் வழிவந்த ரிஃபார்ம்ட் சபைகளுக்கு அப்புறம் சொல் இருக்காது.

ஆனால் ஆட்சிமுறையைச் சொல்லும் பெயர்கள் வேறு வகை. பிரெஸ்பிட்டேரியன் என்பதில் இருப்பது மூப்பர், நம் வேதாகமத்தில் உள்ள அதே சொல். எனவே பெயரைப் பிரெஸ்பிட்டேரியன் என்றே வைத்துக்கொண்டு, அந்த ஆட்சிமுறைக்கு ‘மூப்பராட்சி’ என்று சொல்லலாம். காங்கிரிகேஷனல் முறைக்குச் ‘சபையாட்சி’. உள்ளூர்ச் சபை மக்களே கூடி முடிவெடுக்கும் முறை அது. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் அந்த மரபைச் சேர்ந்தது. பிஷப் ஆளும் முறைக்குத்தான் திண்டாட்டம். ‘ஆயராட்சி’ என்றால் கத்தோலிக்கருக்கு ஆயர் பிஷப், சி.எஸ்.ஐ.காரருக்கு ஆயர் தங்கள் சேகரத்து (வட்டாரச் சபைகளின்) குருவானவர். வேதாகமத்தில் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் முதல் வசனத்திலேயே ‘கண்காணிகள்’ வருகிறார்கள். ஆனால் இலங்கை மலையகத்திலோ மலேசியாவிலோ அந்தச் சொல்லைக் காதில் வாங்கியவருக்குத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய மேற்பார்வையாளர்தான் நினைவுக்கு வருவார். அந்த வலியை இந்தச் சொல்லின் தலையில் ஏற்ற வேண்டாம். நம் பட்டியல் புரொட்டஸ்டன்ட் சபைகளைப் பற்றியது, சி.எஸ்.ஐ.யில் பிஷப்பைப் பேராயர் என்கிறார்கள் என்பதால் ‘பேராயராட்சி’ என்கிறேன். கத்தோலிக்க வழக்கில் பேராயர் ஆர்ச்பிஷப் என்று ஒரு குறிப்புப் போட்டுவிடலாம்.

சரி, டினாமினேஷனுக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கம் யாரும் அந்தச் சொல்லைத் தேடுவதில்லை. “நீங்க எந்தச் சபை?” என்று கேட்பார்கள், “சி.எஸ்.ஐ.” என்று பதில் வரும். அதனால் முதலில் ‘சபைமரபு’ என்று குறித்து வைத்திருந்தேன். ஆனால் கத்தோலிக்கருக்குச் சபை என்றால் துறவியர் சபை, இயேசு சபை என்பதுபோல. சி.எஸ்.ஐ.க்குள்ளேயும் சபை என்பது உள்ளூர்க் கூட்டம். பல சபை சேர்ந்தால் சேகரம், பல சேகரம் சேர்ந்தால் திருமண்டலம், எல்லாம் சேர்ந்துதான் திருச்சபை. ஆகவே லுத்தரன், பாப்டிஸ்ட், மெதடிஸ்ட் என்று வழியைச் சொல்லும் இடத்தில் ‘திருச்சபை மரபு’, சட்டப்படி அமைந்த ஓர் அமைப்பைச் சொல்லும் இடத்தில் வெறும் ‘திருச்சபை’. சற்று நீளம்தான். தொடர்ந்து எழுதும்போது ‘மரபு’ என்று சுருங்கிக்கொள்ளும்.

‘சபைக்குலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அதைப் பட்டியலில் மாற்றுச் சொல்லாகக்கூட வைக்காதீர்கள். கல்லறைத் தோட்டத்தில்கூட சாதி பார்க்கும் ஊர்கள் இன்னும் இருக்கும்போது, திருச்சபைக்கான கலைச்சொல்லில் குலம் என்ற சொல்லே வரக்கூடாது.

எந்த மரபிலும் சேராமல் தனியே நடக்கும் சபைகளுக்கு அவர்களே சொல்லும் ‘சுயாதீன சபை’ இருக்கிறது, நாம் புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து அன்பர்கள் பேராயர், (திருமண்டலத்தைக் குறிக்கும்) ஆதீனம் ஆகியவற்றை அங்கே எப்படிப் புழங்குகிறார்கள் என்று ஒரு வரி எழுதினால், ‘பேராயராட்சி’ அங்கேயும் நிற்குமா என்று பார்த்துவிடலாம்.