வீட்டு வலை சர்வருக்கு எடை குறைந்த லினக்ஸ் எது?

மின்மினி:
வணக்கம். 2 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் லினக்ஸ் போட்டு என் சின்ன வலைத்தளத்தை வீட்டிலிருந்தே ஓட்டலாம் என்று இருக்கிறேன். நாற்பது ஐம்பது ஹெச்டிஎம்எல் பக்கங்கள், கொஞ்சம் படங்கள், பிஹெச்பி மொழியில் எழுதிய ஒரு தொடர்புப் படிவம், அவ்வளவுதான். லுபுண்டு, பப்பி, ஆல்பைன், டெபியன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போட்டால் அடிக்கடி கை வைக்காமல் ஓடும்?

கட்டளைவரி:
டெபியன் போடுங்கள்.

லுபுண்டு, பப்பி எல்லாம் எடை குறைந்தவை என்று பெயர் வாங்கியது டெஸ்க்டாப்புக்காக. உங்கள் சர்வருக்கு டெஸ்க்டாப்பே வேண்டாம். அதை எடுத்துவிட்டால் டெபியனும் மெலிந்துவிடும். சும்மா இருக்கும்போது 200 எம்பியை ஒட்டித்தான் ரேம் பிடிக்கும். பப்பி வழக்கமாக ரூட், அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராகவே ஓடுவது. இணையத்துக்குத் திறந்து வைக்கும் கணினிக்கு அது ஆகவே ஆகாது.

நிறுவும்போது கடைசியை ஒட்டி வரும் மென்பொருள் தேர்வுப் பட்டியலில்தான் எல்லாம் இருக்கிறது. டெஸ்க்டாப், ஜினோம் (டெஸ்க்டாப்பில் ஒரு வகை) இரண்டுக்கும் எதிரே இருக்கும் குறியை ஸ்பேஸ் பட்டனால் எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்ஹெச் சர்வரையும் (வேறு கணினியிலிருந்து இதில் நுழைய உதவுவது) அடிப்படைக் கருவிகளையும் மட்டும் வையுங்கள். அங்கேயே 'வெப் சர்வர்' என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தால் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருள் வரும். அதுவும் நல்லதுதான், ஆனால் 2 ஜிபியில் நான் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வரையும், பிஹெச்பியை ஓட்டும் பிஹெச்பி-எஃப்பிஎம்மையும் பின்னால் தனியாகப் போடுவேன்.

லேப்டாப் என்பதால் இன்னொன்று. மூடியைச் சாத்தினால் தூங்கிவிடும், தளமும் போய்விடும். மூடி, பவர் பட்டன் போன்றவற்றைக் கவனிக்கும் லாகின்ட் சேவையின் அமைப்புக் கோப்பில் மூடி சாத்துவதற்கான வரியை 'இக்னோர்' என்று மாற்றி, ஒரு முறை ரீபூட் செய்யுங்கள். பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும்.

கை வைக்காமல் ஓட வேண்டும் என்றால் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' தொகுப்பையும் போட்டுவிடுங்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு டெபியன் வெளியீட்டுக்கும் 3 ஆண்டு முழு ஆதரவு, அதன்பின் எல்டிஎஸ் என்ற நீட்டித்த ஆதரவாக 2 ஆண்டு. உங்களுக்கு முக்கியமானது இந்த 5 ஆண்டுதான், பத்து இருபது எம்பி ரேம் அல்ல.

பனித்துளி:
ஆல்பைனுக்காக ஒரு வார்த்தை. டிஸ்கில் ஏறக்குறைய 130 எம்பிதான் பிடிக்கும், தேவையில்லாத சேவை எதுவும் ஓடாது. பழைய 32 பிட் கணினி என்றால் நான் அதைத்தான் சொல்வேன். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரே கிடையாது. ஆனால் ஆல்பைனில், பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகத்துக்குப் பதில் மசல் என்ற வேறொன்று இருக்கிறது. வெளியிலிருந்து இறக்கும் சில நிரல்கள் அதில் ஓட மறுக்கும். ஒரு வெளியீட்டுக்கு ஆதரவும் 2 ஆண்டுதான். முதல் சர்வர் என்றால் கட்டளைவரி சொல்வதே சரி.

மின்மினி:
இருவருக்கும் நன்றி. லேப்டாப் 64 பிட்தான், டெபியன் ஏற்றிவிட்டேன். என்ஜின்எக்ஸ் பக்கம் வீட்டு வைஃபையில் வருகிறது. ரவுட்டரில் வலைப்பக்கங்களுக்கான 80, 443 போர்ட்டுகளை லேப்டாப்புக்குத் திருப்பியும் விட்டேன். ஆனால் மொபைல் டேட்டாவில் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. டெபியன் ஃபயர்வால் தடுக்கிறதா?

கட்டளைவரி:
புதிதாக நிறுவிய டெபியன் எந்த போர்ட்டையும் தடுக்காது. ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி (இணையப் பக்கத்து முகவரி) என்று காட்டுவதையும், 'என் ஐபி என்ன' என்று சொல்லும் தளம் ஒன்று காட்டுவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், அது சிஜிநாட். ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள். எந்த லினக்ஸ் போட்டாலும் அதை மாற்ற முடியாது. இணையம் தருபவரிடம் பொது ஐபி கேளுங்கள். இல்லையென்றால் கிளவுட்ஃபிளேர் டன்னல் போலக் கணினியே வெளியே போய் இணைப்பு எடுக்கும் வழி இருக்கிறது, அதற்கு போர்ட் திறக்கவே வேண்டாம்.

இரண்டு ஐபியும் ஒன்றாகவே இருந்தால் லேப்டாப்பின் உள் முகவரியைப் பாருங்கள். மறுபடி ஆன் செய்தபோது ரவுட்டர் வேறு எண் கொடுத்திருக்கலாம். ரவுட்டரின் டிஹெச்சிபி (உள் முகவரிகளை ஒதுக்கும் வசதி) பக்கத்தில் அதை நிலையாக ஒதுக்கிவிட்டு, எந்த எண் காட்டுகிறது என்று இங்கே எழுதுங்கள்.