245/75 ஆர்16 டயருக்குப் பதில் 265/75 போடலாமா?

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஓடி, வார இறுதியில் கோவளம் பக்கம் நண்பரின் சவுக்குத் தோப்பு மணலிலும் இறங்கும் என் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு 245-இலிருந்து 265 மில்லிமீட்டர் அகல டயருக்கு மாறும் இந்த மாற்றம் பொருந்துமா? காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?

மறுமொழி 1: டயரின் பக்க உயரம் அகலத்தில் 75 சதவீதம்; அகலம் கூடும்போது டயரின் விட்டமும் 774 மில்லிமீட்டரிலிருந்து 804 ஆக உயர்வதால், ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 104-இல் ஓடும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உரசவும் கூடும். என் கருத்தில் பழைய அளவே போதும்.

மறுமொழி 2: மணலுக்கு அகலத்தைவிடக் காற்றே முக்கியம் ஐயா. அச்சு வரை புதைந்த என் வண்டி, சக்கரங்களைச் சுற்றி மணலை அள்ளிவிட்டு காற்றழுத்தத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கியதும், டயரின் பக்கங்கள் பிதுங்கித் தடம் நீண்டு, மெல்ல ஏறி வந்தது. தார்ச்சாலைக்குத் திரும்பும் முன், ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவுக்குக் கட்டாயம் நிரப்புங்கள். குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

கேட்டவர்: மிக்க நன்றி. பழைய அளவையே வாங்கி, கையடக்கக் கம்ப்ரஸர் ஒன்றும் வைத்துக்கொள்கிறேன்.