ஒரே டக்டில் ரெண்டு ஃபேன்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தடாக்காரன்:
ரெண்டு ப்ளோயர் (காற்றை இழுத்துத் தள்ளும் ஃபேன்), ஒரே டக்ட் (காற்று போகிற குழாய்). ஒன்றை நிறுத்தினால் என்ன ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்குப் பார்த்தது மனசை விட்டுப் போகவில்லை.

சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீன். சைவச் சமையல் ஒரு அறை, அசைவம் பக்கத்து அறை. அடுப்புக்கு மேலே புகை பிடிக்கிற ஒவ்வொரு ஹூடுக்கும் ஒரு ப்ளோயர், ரெண்டும் மேலே ஒரே டக்டில் சேர்ந்து மொட்டை மாடிக்குப் போகும். இரவு ஷிப்டில் அசைவம் கிடையாது, அந்த ப்ளோயரை அணைத்துவிடுவார்கள். சைவ அறையில் வரமிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தார்கள். அடுத்த அறையில், எரியாத அடுப்புக்கு மேலே இருந்த ஹூடிலிருந்து அந்தக் காரப்புகை கீழே இறங்கியது! அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டே வெளியே ஓடினார்.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், அணைத்து வைத்த ப்ளோயர் பின்பக்கமாகச் சுற்றுகிறது, நல்ல வேகத்தில். ஓடுகிற ப்ளோயர் தள்ளிய காற்றுக்கு மாடி வரை ஏறுவதைவிட இந்த வழி சுலபம். காலையில் அதை ஆன் செய்யும்போது ஓவர்லோட் ரிலே (கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்துவது) ட்ரிப் ஆனதும் இதனால்தான். எதிர்ப்பக்கம் சுற்றுகிற மோட்டார் முதலில் நின்று, அப்புறம் நேராகச் சுற்றி வேகம் பிடிக்கும் வரைக்கும் ஸ்டார்டிங் கரண்ட் இறங்காது. மோட்டார் கெட்டுப்போச்சு என்றே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு நான் ரிட்டர்ன் டேம்பர், அதாவது காற்றைத் திரும்பி வர விடாத மடல், இருந்திருந்தால் போதும்.

கஞ்சிக்கோட்டு பிட்டர்:
எங்கள் பக்கம் வேறு கதை. கிரைண்டிங் செக்‌ஷனில் தூசி இழுக்கிற டக்ட், பக்கத்து பக்கத்தில் ரெண்டு ப்ளோயர். ஒரு மோட்டார் ரீவைண்டிங் போய் வந்ததிலிருந்து தூசி நிற்கவே இல்லை. மூன்றாவது ப்ளோயர் வாங்கலாம் என்று பேச்சு. வந்த மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தோம். சூப்பர்வைசர் சேட்டன் கையை நீட்டி, “காற்று வருன்னுண்டல்லோ” என்றார். வந்ததுதான். இம்பெல்லர் (உள்ளே சுற்றும் பிளேடு சக்கரம்) தலைகீழாகச் சுற்றினாலும் ப்ளோயரில் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், அளவுதான் குறையும். அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

ப்ளோயர் கூட்டின் மேலே அப்பியிருந்த கருப்பை நகத்தால் சுரண்டினேன். அம்புக்குறி இந்தப் பக்கம், புல்லி சுற்றுவது அந்தப் பக்கம். ஸ்டார்ட்டரில் ரெண்டு வயரை மாற்றிப் போட்டதும், கிரைண்டருக்கு மேலே மிதந்த தூசி மொத்தமும் திரும்பி ஹூடுக்குள் போனது. அதை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

அப்புறம் ஒன்று. ரெண்டு ப்ளோயர் போட்டால் ரெண்டு மடங்கு காற்று வரும் என்று நம்பாதீர்கள். அதே டக்டில் காற்றை இரட்டிப்பாக்க அழுத்தம் 4 மடங்கு வேண்டும்.

மறையூர் மலை:
நீங்கள் பேசுவது பக்கத்து பக்கத்தில் வைத்த ஃபேன். நான் பார்த்தது ஒன்றன்பின் ஒன்று. மூணாறு பக்கம் ஒரு சுரங்க வேலை. வாசலில் பெரிய ஃபேன், அங்கிருந்து உள்ளே வரைக்கும் ரெக்சின் மாதிரி மடங்குகிற டக்ட். நீளம் ஏற ஏற முனையில் காற்று செத்துவிட்டது, ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் கசிவு. நடுவில் இன்னொரு ஃபேனை பூஸ்டராக வைத்தார்கள். வெடி வைத்து முடிந்ததும் அதைப் போட்டார்கள். போட்ட வேகத்தில் பூஸ்டருக்கு முன்னால், வாசல் பக்கம் இருந்த டக்ட், மலைப்பாம்பு மூச்சை விட்ட மாதிரி, சப்பென்று ஒட்டிப்போனது. டார்ச் அடித்துப் பார்த்த எங்களுக்குப் பேச்சே வரவில்லை. வெடிப்புகை உள்ளேயே நின்றுவிட்டது.

கசிவு போக வந்து சேர்ந்த காற்றைவிட பூஸ்டர் அதிகமாக இழுத்தது, அவ்வளவுதான். ரெண்டையும் வாசலிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைத்த பிறகுதான் டக்ட் முழுக்க விறைப்பாக நின்றது. கசிவை அடைத்ததும் உதவியது.

கும்மிடிப்பூண்டி டக்ட்:
தடாக்காரன் தம்பி, டேம்பர் ஒன்று போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்று தள்ளித் திறக்கிற மடல் டேம்பர், சமையலறை எண்ணெய்ப் புகைக்கு ஆகாது. பிசின் மாதிரி ஒட்டிப் பாதி திறந்தபடி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். மோட்டார் வைத்த டேம்பர் போடுங்கள், ப்ளோயர் ஓடினால்தான் திறக்கும்படி இன்டர்லாக் (ரெண்டையும் பிணைக்கும் இணைப்பு) கொடுங்கள். சுத்தம் செய்யப் பக்கத்திலேயே கதவு வையுங்கள்.

முடிந்தால் ரெண்டு ஹூடுக்கும் தனித்தனி டக்ட். ஒரு அடுப்பில் பிடித்த தீ எண்ணெய்ப் படலம் வழியாக அடுத்த அறைக்குப் போக விடக்கூடாது. சேர்த்தே ஆக வேண்டுமென்றால், சேரும் இடம் டி மாதிரி இருக்கவே கூடாது. ரெண்டு காற்றும் நேருக்கு நேர் முட்டிக்கொள்ளும். சாய்வாக, ஒய் மாதிரி சேர்க்க வேண்டும்.

விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருந்தால் ரெண்டுக்கும் ஒரே வேகம் கொடுங்கள். ஒன்று 50 ஹெர்ட்ஸிலும் இன்னொன்று 35லும் ஓடினால், வேகம் குறைந்ததால் எழும்புகிற அழுத்தம் பாதிதான். வேகமாக ஓடுவது தள்ளுகிற காற்றை எதிர்த்து அதனால் வெளியே விடவே முடியாது. ரெண்டையும் 80 சதவீத வேகத்தில் ஓட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய பாதி மின்சக்திதான் எடுக்கும். பெல்ட் டென்ஷனையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் தளர்ந்தாலும் இதே தகராறுதான்.

கஞ்சிக்கோட்டு பிட்டர்:
அண்ணே, அவர் கேட்டது நடந்ததைத்தான். ஆனால் நீங்கள் விட்டது ஒன்று உண்டு. ஒரு ப்ளோயரை நிறுத்தி டேம்பரையும் மூடினால், மிச்சம் ஓடுவதற்கு எதிர்ப்பு குறைந்து அது கூடுதல் காற்று தள்ளும். பிளேடு முன்பக்கம் வளைந்த வகை என்றால் ஆம்ப்ஸ், அதாவது மோட்டார் இழுக்கிற கரண்ட், ஏறும். டாங் டெஸ்டர் (வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் ஷிப்டை விட்டுப் போகக்கூடாது.

தடாக்காரன்:
சரி அண்ணே. போய்ப் பார்த்தேன், சேரும் இடம் டி தான். ஞாயிற்றுக்கிழமை வெட்டி ஒய் வைக்கிறோம். 18 கேஜ் தகடு போதுமா?

கும்மிடிப்பூண்டி டக்ட்:
ஸ்டெயின்லெஸ் என்றால் 18 போதும். சாதா இரும்பு என்றால் அதைவிடத் தடித்த 16. ஜாயிண்ட் முழுக்க வெளிப்பக்கம் வெல்டு பிடியுங்கள், சிலிகான் பூசி விடாதீர்கள், எண்ணெய் சொட்டும்.