ஈராவ் மலைச் சேற்றுக்கு எந்த பூட்ஸ் வாங்கலாம்?

வணக்கம். நவம்பர் மழையில் நானும் அக்காவும் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ஈராவ் உச்சிக்குப் (2,110 மீட்டர்) போகிறோம். அந்தப் பாசிக்காட்டுப் பாதை போனவர்களுக்குத் தெரியும்: வேருக்கு வேர் தாவணும், தவறினால் முழங்கால்வரை சேறு.

கடையில் போய்க் கேட்டால் வாட்டர்ப்ரூஃப் பூட்ஸைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். இங்கே அது சரிப்படாது என்றே நினைக்கிறேன். மேல்வழியாகத் தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியேற வழியே இல்லை, லேசில் காயவும் காயாது.

வழிகாட்டிகள் போடும் கறுப்பு ரப்பர் ‘அடிடாஸ் கம்போங்’ காலணி விலை மலிவு, சேற்றில் நல்ல பிடிப்பு, கழுவித் துடைத்தால் போதும். எனக்கு அதுவே போதும். ஆனால் அடிப்பாகம் மெல்லிசு. அக்காவுக்கு ஏற்கெனவே சுளுக்கிய கணுக்கால், பாதமும் அகலம்.

அவருக்காகத்தான் கேட்கிறேன். 200 வெள்ளிக்குள் (ரிங்கிட்), கணுக்காலை மூடி, துணி வலை வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும் பூட்ஸ் இருக்கிறதா? அடிப்பற்கள் ஆழமாக, சேறு அப்பிக்கொள்ளாதபடி இடைவெளி விட்டு இருக்கணும். பூட்ஸில் ஒட்டிய அடிப்பாகத்தைச் சுற்றித் தைத்துக் கொடுப்பவர் ஈப்போவில் யாராவது உண்டா? அட்டைக்கடிக்கு நீள சாக்ஸ் எடுத்தாகிவிட்டது.

ஈரத்தில் போட்டு நடந்தவர்கள் பெயரும் விலையும் சொன்னால் பேருதவி.