குடும்பக் குழுவில் அப்பாவின் பென் டிரைவ்

வியாழன், இரவு 8.12

கமலா: ஞாயிறு பதினாறாம் நாள். பெரிதாக்கி மாலை போட அப்பா படம் வேண்டும். நல்ல படமெல்லாம் அந்த பென் டிரைவில் இருக்கிறது. யார் கையில்?

ராஜு: என்னிடம். விரல்ரேகைப் பூட்டு போட்ட டிரைவ். விரல் வை என்கிறது. என் விரலை ஏற்கவில்லை.

முருகன்: அண்ணே, அது எப்போது ஈப்போவுக்குப் போனது?

ராஜு: இறுதிச் சடங்கு முடிந்த அன்று அம்மா கொடுத்தார். அவரையே கேள்.

சரசு: ஆரம்பித்துவிட்டீர்களா. இலைக்குச் சொல்லியாச்சா அக்கா?

கமலா: 120. பசாரில் சொல்லிவிட்டேன்.

அஞ்சலை: அன்று வீட்டில் கிடத்தியிருந்தபோதே மாமா விரலை வைத்துப் பார்த்திருக்கலாம்.

முருகன்: அண்ணி!

சரசு: ஐயோ அண்ணி

அஞ்சலை: தப்பாகச் சொல்லவில்லை. தோன்றியது.

குமரன்: நாளை டவுன் கடையில் கொடுக்கிறேன். ஐம்பது வெள்ளிக்குத் திறந்து தருவதாகச் சொல்கிறார்கள்.

கவிதா: குமரா, கொடுக்காதே! ராஜு மாமா, நீங்களும் கவனியுங்கள். கணினி ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். ஃபார்மேட் செய்தால் பூட்டோடு உள்ளே இருப்பதும் போய்விடும். அது ஏஇஎஸ் 256 பிட் குறியாக்கம், சாவி இல்லாமல் உடைக்க முடியாத பூட்டு. பெட்டியிலேயே போட்டிருந்தது. பதிந்த விரலோ கடவுச்சொல்லோ இல்லாமல் கடைக்காரரால் முடிந்தது, துடைத்துவிட்டுக் காலியாகத் திருப்பித் தருவதுதான்.

ராஜு: சரி. கொடுக்கவில்லை.

கவிதா: செருகினால் இரண்டு பகுதி தெரிகிறதா மாமா? பூட்டில்லாத பகுதி ஒன்று இருக்கும். படங்கள் அதில் கிடக்கலாம்.

ராஜு: ஒன்றுதான் தெரிகிறது. அதில் ஒரு மென்பொருள் மட்டும்.

கவிதா: அப்படியானால் எல்லாம் பூட்டிய பக்கம்தான். இன்னொரு விஷயம். தாத்தாவின் விரல் படம் எதுவும் அதில் இல்லை. ரேகையின் அமைப்பை எண்களாக மாற்றி டிரைவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், கணினிக்கு அனுப்பாது. அந்த மாதிரி டிரைவில் பத்து விரல் வரை பதியலாம். தாத்தா வேறு யார் விரலையாவது பதிந்தாரா? அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முருகன்: பத்து விரலா? எங்களை ஒருவரையும் கூப்பிடவில்லை. கெரான், அந்த நிலப் பட்டா, ஸ்கேன் செய்ததும் அதில்தானே?

ராஜு: அதற்குத்தான் இவ்வளவு கேள்வியா?

முருகன்: கேட்கக்கூடாதா?

கவிதா: மாமா, இரண்டு பேரும் கேளுங்கள். ஸ்கேன் வெறும் நகல். அசல் கெரான் பாட்டியின் இரும்பு அலமாரியில் இருக்கிறது, நானே பார்த்தேன். கோலகங்சார் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி நிலப் பதிவைத் தேடிப் பார்க்கலாம். சிறு சொத்துப் பங்கீட்டுக்கும் அங்கேதான் ‘ஏ’ பாரம் கொடுக்க வேண்டும். பென் டிரைவ் திறக்கவில்லை என்பதற்காக யாருக்கும் எதுவும் போகாது. போனால் போவது படங்கள்தான், அவற்றுக்கு வேறு நகல் இல்லை.

குமரன்: பங்குப் பத்திரமும் அதில் இருப்பதாகத் தாத்தா சொன்னாரே. என்ன பங்கு அது?

ராஜு: நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கியது. அப்போது ரப்பர் தோட்டங்களை முதலாளிகள் துண்டு போட்டு விற்றார்கள், தொழிலாளர்கள் தாமே சேர்ந்து வாங்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அப்போது நம் ஊர் எம்பி அவர்தான். தாத்தா சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டினார்.

சரசு: தோட்டத்துப் பந்து குழுப் படமும் அதில்தான். முருகண்ணன் கோல் காத்த படம்.

ராஜு: காத்தானா?

சரசு: ஆறு கோல் விட்டார் அண்ணே

முருகன்: மழை. சேறு.

கமலா: இருங்கள். அம்மாவிடம் கேட்டேன். அம்மா விரலையும் அப்பா பதிந்தாராம்!

கவிதா: எந்த விரல் அம்மா?

கமலா: கட்டைவிரல் ஏறவேயில்லையாம். ஒவ்வொன்றாக வைத்து, கடைசியில் இடது கைச் சுண்டு விரல்.

கவிதா: தாத்தா நன்றாக யோசித்திருக்கிறார். பாட்டியின் கை ரப்பர் மரத்தில் பால் வெட்டி, ஒட்டுப்பால் உரித்து, வாளி தூக்கி, பால் உறைய ஊற்றும் அமிலம் பட்டுத் தேய்ந்தது. மேடு பள்ளம் இருந்தால்தானே கருவிக்கு ரேகை தெரியும். அதிகம் தேயாத விரல் சுண்டு விரல்தான். மைகாட் அடையாள அட்டையில் இருப்பது இரண்டு கட்டைவிரல் மட்டும், அதனால்தான் வங்கியில் பாட்டி அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது. ‘சரியாக வையுங்கம்மா’ என்று அங்கே ஒருவர் அதட்டியதை நான் மறக்கவில்லை. விரல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

சரசு: அம்மாவை அதட்டினார்களா? எந்த வங்கி?

கமலா: விடு. முடிந்த கதை.

கவிதா: சனிக்கிழமை பாட்டியை அவசரப்படுத்தாதீர்கள். கை கழுவித் துடைத்து, விரல் காய்ந்திருந்தால் எண்ணெயில்லாத கிரீம் ஒரு துளி தடவி, கொஞ்ச நேரம் கழித்து வைக்க வேண்டும். நீங்கள் யாரும் பிடித்து அழுத்தாதீர்கள். அழுத்தினால் ரேகை நசுங்கிப் பரவிவிடும். பதிந்த நாளில் எப்படி மெல்ல வைத்தாரோ அப்படியே.

ராஜு: நான் சனி மாலை வருகிறேன்.

முருகன்: வெள்ளி இரவே வரலாமே. சனி காலை பார்த்துவிடலாம்.

ராஜு: வேலை இருக்கிறது.

முருகன்: எப்போதும் இருக்கிறது.

சரசு: அண்ணே, ஐயர் ஞாயிறு காலை ஏழரைக்கே வருகிறாராம். தட்சணை யார் பொறுப்பு?

கமலா: என்னிடம் இருக்கிறது, பிறகு கணக்குப் பார்ப்போம்.

கவிதா: நான் லேப்டாப்பும் ஒரு ஹார்ட் டிஸ்கும் கொண்டு வருகிறேன். திறந்த உடனே இரண்டு இடத்தில் நகல் எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். அப்புறம் வீட்டுக்கு ஒருவர் விரலைப் பதிவோம். கடவுச்சொல் ஒன்றும் வைத்து, காகிதத்தில் எழுதி, கெரானோடு பாட்டியின் அலமாரியில் வைப்போம். விரலை மட்டும் நம்பிப் பூட்டினால் ஆள் போனதும் வழியும் அடைத்துவிடும்.

முருகன்: வீட்டுக்கு ஒருவர். சரி. எழுத்தில் வேண்டும்.

ராஜு: எல்லார் விரலுமா? அதை நேரில் பேசலாம்.

முருகன்: இப்போதே பேசலாமே.

அஞ்சலை: அம்மாவுக்கு நான் கிரீம் வாங்கி வருகிறேன். எந்தக் கிரீம் கவிதா?

கவிதா: வாசனை இல்லாத சாதாரணமானது போதும் அத்தை. நன்றி.

கமலா: திறக்காவிட்டால் கோயில் திருவிழாவில் எடுத்த நீலச் சட்டைப் படத்தைப் பெரிதாக்குவோம்.

சரசு: அதில் கண் மூடியிருக்கிறார் அக்கா

குமரன்: என் பழைய ஃபோனில் ஒன்று இருக்க வேண்டும். சார்ஜர் தேடுகிறேன்.