பால் கொடுக்கும்போது காம்பு வெடித்து உயிர் போகிறது, உதவுங்கள்

செங்காங் அம்மா:
அக்காமார்களே, முதல் பிள்ளை, பெண் குழந்தை, இன்றோடு 9 நாள். இரண்டு பக்கமும் காம்பு வெடித்துவிட்டது. நேற்று இடது பக்கம் ரத்தம் கசிந்து, பிள்ளை கக்கிய பாலிலும் சிவப்பாகத் தெரிந்தது. பயந்தே போனேன். வாய் வைத்ததிலிருந்து குடித்து முடிக்கும் வரை வலி விடுவதே இல்லை. திருச்சியிலிருந்து வந்திருக்கும் அத்தை, "முதல் பிள்ளைக்கு அப்படித்தான், தோல் கெட்டிப்பட்டால் சரியாகும்" என்கிறார். ராத்திரி அவள் சிணுங்கினாலே எனக்குக் கை நடுங்குகிறது. பால்மாவுக்கு மாற மனசு வரவில்லை. என்ன செய்வது?

ஜூரோங் அக்கா:
தங்கச்சி, அந்த ரத்தம் உன் வெடிப்பிலிருந்து வந்ததுதான். பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, தொடர்ந்து கொடுக்கலாம். முதல் வாரத்தில் வாய் வைத்ததும் சுருக்கென்று இருப்பது பலருக்கும் உண்டு, ஆனால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் அடங்கிவிட வேண்டும். கடைசி வரை வலித்தால் பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறாள். வாயை எடுத்ததும் பார், புது லிப்ஸ்டிக் முனைபோல் சாய்வாக நசுங்கியிருக்கிறதா?

செங்காங் அம்மா:
அப்படியேதான் இருக்கிறது அக்கா!

ஜூரோங் அக்கா:
அப்படியென்றால் தோல் கெட்டிப்படக் காத்திருக்காதே. பிள்ளையின் வயிறு உன் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். மூக்கு காம்புக்கு நேரே வரட்டும். காம்பால் மேலுதட்டை வருடு. கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும், அந்த நொடியில் பிள்ளையை உன்னிடம் இழு. நீ குனிந்து மார்பை வாயில் திணித்தால் முதுகும் போகும், பிடியும் நழுவும். தாடை மார்பில் அழுந்தி, காம்பைச் சுற்றிய கருவளையம் வாய்க்குக் கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் தெரிந்தால் சரியான பிடி. வலித்தால் பொறுத்துக்கொள்ளாதே. வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டுக் காற்றுப் புகவிட்டு, எடுத்து மறுபடி வை. ஐந்து முறை ஆனாலும் பரவாயில்லை. வலி குறைந்த பக்கத்தை முதலில் கொடு.

தேக்கா பாட்டி:
விளக்கெண்ணெய் தடவும்மா, எங்கள் காலத்தில் அதுதான்.

முன்னாள் தாதி:
பாட்டி, அது பிள்ளையின் வாய்க்குள் போகும், வேண்டாம். குடித்து முடித்ததும் சொந்தப் பாலையே இரண்டு சொட்டுத் தடவிக் காய விடலாம். மருந்துக்கடையில் சுத்தமான லனோலின் களிம்பு கிடைக்கும், அதைத் துடைத்தெடுக்க வேண்டியதில்லை. காம்பில் சோப்பு போடக்கூடாது, தோல் இன்னும் வறளும். பிராவுக்குள் வைக்கும் பேட் நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஒரு பக்கம் தாங்கவே முடியாவிட்டால் ஓரிரு வேளை கையால் பாலை எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் பாலைக் கட்ட விடாதீர்கள்.
காய்ச்சலும், மார்பில் சிவந்த சூடான திட்டும் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தாலும், குடித்து முடித்த பிறகும் காம்பு எரிந்தாலும் பூஞ்சைத் தொற்றா என்று பார்க்க வேண்டும். தொற்று என்றால் இருவருக்கும் மருந்து. எப்படி வைத்தாலும் பிடி நழுவினால், நாக்கின் அடிச்சவ்வு இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிங்கப்பூர் கேகே மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் தாய்ப்பால் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிள்ளை பெற்ற இடத்திலும் கேளுங்கள்.

செங்காங் அம்மா (4 நாள் கழித்து):
ஆலோசகரைப் பார்த்தேன். பிடிதான் கோளாறு. என்னைச் சாய்ந்து உட்கார வைத்து, பிள்ளையை என்மேல் குப்புறப் படுக்கவிட்டார். தானே தேடிக் கவ்வினாள், அழுதுவிட்டேன். இடது பக்கம் பொருக்குத் தட்டிவிட்டது. அத்தையும் பக்கத்தில் நின்று "இன்னும் பெரிசா திறக்கட்டும்" என்கிறார். ஒரே சந்தேகம், ஏர்கான் அறையில் கொடுத்து முடித்ததும் வலது காம்பு வெளுத்து, அப்புறம் சுரீரென்கிறது.

முன்னாள் தாதி:
குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் இருக்கலாம். மோசமான பிடியாலும் அப்படி ஆகும். வாயை எடுத்ததும் ஈரத்தை ஒற்றி, உடனே துணியால் மூடி, உள்ளங்கைச் சூடு கொடுங்கள். ஏர்கான் காற்று நேரே படாத பக்கம் உட்காருங்கள். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் அதே ஆலோசகரிடம் சொல்லுங்கள்.